முந்தி வந்தவரின் பங்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில், நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டுவந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் ஏறியது இங்கேதான் என்பது பௌத்த மரபு. மூன்று பிடகங்களில் ஒன்றான விநயம், துறவிகள் கூடி வாழ்வதற்கான ஒழுக்க விதிகளைச் சொல்கிறது. நிர்வாணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆவலோடு அதைத் திறப்பவர் திகைத்துப் போவார். யார் முன்னே உட்காருவது, நல்ல படுக்கை யாருக்கு, தானமாக வந்த துணியை எப்படிப் பங்கிடுவது என்பது போன்ற நடைமுறை விதிகள் அதில் நிறைய. இவை சில்லறை விஷயங்கள் அல்ல. வீடு, மனைவி, மக்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்குக்கூட, முந்தி வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார் என்ற கணக்கு விட்டுப்போகவில்லை என்பதை அந்த ஏடுகள் ஒளிக்காமல் சொல்கின்றன. அந்தக் கணக்கில் எது அறம், எது அபகரிப்பு? ஒரே வேலையைச் செய்யும் இருவரில், முந்தி வந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவர் கூடுதல் பங்கு கேட்பது நியாயமா? இந்தக் கேள்வியை விமானிகளின் தொழிலில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கே செய்யப்படும் வேலை ஒன்றேதான் என்பதால் வேறு காரணங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

1953 இல் இந்திய அரசு விமானக் கம்பனிகளை நாட்டுடைமையாக்கியபோது இரண்டு நிறுவனங்களை வைத்துக்கொண்டது. வெளிநாட்டுச் சேவைக்கு எயார் இந்தியா. உள்நாட்டுக்கும் கொழும்பு போன்ற அயல் நகரங்களுக்கும் இந்தியன் எயார்லைன்ஸ். முதலாவதன் விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்ட், இரண்டாவதன் விமானிகளுக்கு இந்திய வர்த்தக விமானிகள் சங்கம் எனத் தனித்தனிச் சங்கங்கள். 2007 இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. பெயரும் விமானத்தின் நிறமும் ஒன்றாயின. சம்பளப் பட்டியல் ஒன்றாகவில்லை. 2011 ஏப்ரல் 27 அன்று பழைய இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது, சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது, பத்து நாள் கழித்துப் போராட்டம் முடிந்தது. அடுத்த வருடம் மே மாதம் மறுபக்கத்தின் முறை. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சியில் இந்தியன் எயார்லைன்ஸிலிருந்து வந்தவர்களுக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று பழைய எயார் இந்தியா விமானிகள் வேலைக்கு வராமல் நின்றார்கள். அந்த விமானங்கள் இணைப்புக்கு முன்பே எங்கள் நிறுவனம் வாங்க ஒப்பந்தம் செய்தவை, ஆகவே அவற்றில் ஏறிப் பதவி உயரும் உரிமை எங்களுடையது என்பது அவர்கள் வாதம். அந்தப் போராட்டம் 58 நாள் நீடித்தது. ஒரே நிறுவனத்தில் முதல் வருடம் ஒரு பிரிவு எங்களை அவர்களுக்குச் சமமாக்கு என்றது. மறுவருடம் மற்றப் பிரிவு அவர்களை எங்களுக்குச் சமமாக்காதே என்றது. இரண்டு தரப்புக்கும் மேலே நிர்வாகம் ஒன்று இருந்ததை இரண்டு தரப்பும் மறந்தே போயின.

அமெரிக்காவில் இந்தப் பிளவு ஒரு முறையாகவே வேரூன்றியிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பெயரும் நிறமும் பூசிய சிறிய விமானங்களை, குறைந்த சம்பளம் கொடுக்கும் பிராந்தியக் கம்பனிகள் ஓட்டுகின்றன. பயணி வாங்கும் சீட்டில் பெரிய பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். 76 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமானத்தைப் பிராந்தியக் கம்பனி ஓட்டக் கூடாது என்பது போன்ற வரம்புகளைப் பெரிய நிறுவனத்து விமானிகளின் சங்கங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கின்றன. பிராந்தியக் கம்பனியில் பல வருடம் தலைமை விமானியாக இருந்தவர் பெரிய நிறுவனத்துக்கு மாறினால் மூப்புப் பட்டியலின் கடைசி எண்ணுக்குப் போகிறார். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாளில் விடுமுறை, எப்போது பதவி உயர்வு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன அத்தகைய விமானமொன்று வீழ்ந்து, அதிலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பூசியிருந்த பெயர் கொண்டினென்டல். ஓட்டியது கோல்கன் எயார். விமானம் வேகமிழந்தபோது தலைமை விமானி தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது. ஆனால் துணை விமானி முந்தின இரவு நாட்டின் மறுகரையான சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவர் என்பதும் அதே விசாரணையில்தான் வெளியே தெரிந்தது. பயணிகளின் உயிருக்கு ஒரே மதிப்பு. அதைக் காப்பவர்களின் உழைப்புக்கு இரண்டு மதிப்பு என்ற ஏற்பாடு அன்றுதான் பலருக்கு உறைத்தது.

வேலையின் தராதரம் வேறு, ஆகவே சம்பளம் வேறு என்று ஒருவர் சொல்லலாம். விமானியின் கையில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை, விமானத்தின் அளவு, பறக்கும் தூரம் ஆகியவை வேறுபடுவது உண்மை. அதற்கேற்ற வேறுபாட்டை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2022 இல், பெருந்தொற்றுக்குப் பின் விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கன் எயார்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்தியக் கம்பனிகள் சம்பளத்தைத் தடாலடியாக உயர்த்தின. விமானம் மாறவில்லை, தூரம் மாறவில்லை, பொறுப்பு மாறவில்லை. கிடைக்கும் ஆட்களின் தொகை மட்டுமே மாறியது. அதற்கு முந்தைய குறைந்த சம்பளம் வேலையின் தகுதியை அளந்து போட்டதல்ல, எந்த வாசலால் வந்தாய் என்று கேட்டுப் போட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இப்போது விநயத்துக்கு வருவோம். புத்தருக்குத் துணையாக ஒரு கூட்டம் பயணம் போகிறது. சில துறவிகளின் சீடர்கள் முன்னதாக ஓடிப்போய்த் தங்குமிடங்களையும் படுக்கைகளையும் தங்கள் ஆசிரியர்களுக்கென்று பிடித்து வைத்துவிடுகிறார்கள். முதுபெரும் சீடரான சாரிபுத்தர் இடமில்லாமல் மரத்தடியில் இரவைக் கழிக்கிறார். விடிந்ததும் புத்தர் துறவிகளைக் கூட்டி, முதல் இருக்கைக்கும் முதல் நீருக்கும் முதல் உணவுக்கும் உரியவர் யார் என்று கேட்கிறார். சத்திரியக் குலத்திலிருந்து வந்தவர் என்கிறார்கள் சிலர், அந்தணக் குலத்தவர் என்கிறார்கள் சிலர், கற்றவர் என்கிறார்கள் வேறு சிலர். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, துறவு பூண்ட நாளே கணக்கு என்று தீர்ப்பாகிறது. அந்தத் தீர்ப்பின் கூர்மை வேறொரு இடத்தில் தெரியும். சாக்கிய இளவரசர்கள் சிலர் நாவிதரான உபாலியோடு சேர்ந்து துறவேற்க வருகிறார்கள். எங்களுக்குக் குலச்செருக்கு அதிகம், ஆகவே உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள், நாங்கள் அவரை வணங்கி எழவேண்டி வரட்டும் என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். மூப்புப் பட்டியல் ஏன் தேவை என்பதற்கு உலகில் இதைவிட நல்ல விளக்கம் இருக்குமா தெரியவில்லை. பிறப்பும் செல்வமும் முதலாளியின் தயவும் வரிசையைத் தீர்மானிக்காதபடி, யாராலும் மாற்ற முடியாத ஒரு திகதியிடம் அந்த அதிகாரத்தை ஒப்படைப்பதுதான் மூப்பு. தொழிற்சங்கங்கள் மூப்பை உயிராகப் போற்றுவதும் இதே காரணத்தால்தான். அதில் பிழையே இல்லை.

ஆனால் அதே விநயம், வரிசையோடு நின்றுவிடுகிறது. துணியைப் பங்கிடும்போது மதிப்பில் சமமான கூறுகளாக வைத்து, குசப்புல்லால் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்கிறது. மூத்தவருக்கு இருக்கை முந்தி, வணக்கம் முந்தி, பங்கு பெரிதல்ல. நம் கோயில்களில் முதல் மரியாதை பெற்றவருக்கு அன்னதானப் பந்தியில் இரண்டு இலை போடுவதில்லை. இதைப் படித்தவர் ஒருவர் உடனே மறுக்கக்கூடும்: விநயத்திலேயே சாமணேரர்களுக்கு, அதாவது இளந்துறவிகளுக்கு, அரைப் பங்கு என்று ஓரிடத்தில் இருக்கிறதே, அது இரண்டாம் தரம் இல்லையா? இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அரைப் பங்கு ஒரு படி. உபசம்பதா எனும் முழுத் துறவு பெற்ற நாளில் அது முழுப் பங்காகிவிடும், அவர் அதே பட்டியலில் அடுத்த இடத்தைப் பெறுவார். வயது முழுவதும் சாமணேரராகவே வைத்திருக்க ஒருவரை வேறொரு மடத்தில் சேர்த்துவிட்டு, இரண்டு மடத்துக்கும் ஒரே சீவரத்தை அணிவிக்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

பிற்காலத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாசல் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது நம் நாட்டுச் சான்று. 1753 இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், சயாமிலிருந்து வந்த துறவிகள் கண்டியில் உபசம்பதாவை மீட்டெடுத்தார்கள். சியாம் நிக்காய என்ற துறவியர் பிரிவு பிறந்தது. சிறிது காலத்துக்குள் அதன் உபசம்பதா ஒரு குறிப்பிட்ட சாதியாருக்கு மட்டும் என்றாயிற்று. உள்ளே மூப்பு வரிசை விநயப்படியே நடந்தது. வெளியே வாசல் பிறப்பைக் கேட்டது. கரையோரத்துச் சாதிகளைச் சேர்ந்த துறவிகள் கடல் கடந்து பர்மாவின் அமரபுரத்துக்குப் போய் உபசம்பதா பெற்று, 1803 இல் திரும்பி வந்து அமரபுர நிக்காயவைத் தொடங்கினார்கள். ஒரே புத்தர், ஒரே விநயம், இரண்டு பட்டியல். முந்தியவர்களின் ஒழுங்கை யாரும் குலைக்காமலே, வாசலைச் சொந்தமாக்கிக்கொண்ட ஒரே செயலால் பிளவு வந்தது. ஆக, என் வாதம் இதுதான்: முந்தி வந்தவருக்கு வரிசையில் உரிமை உண்டு, வாசலின் மேல் உரிமை இல்லை. ஒரே வேலைக்கு ஒரே பட்டியல் இருக்கும்வரை மூப்பு அறம். இரண்டாவது பட்டியல் திறக்கப்பட்டு, அதிலுள்ளவர்கள் என்றைக்கும் முதலாவதற்குக் கீழே என்று வைக்கப்படும்போது, மூப்பு தான் எதை எதிர்த்துப் பிறந்ததோ அந்தக் குலச்செருக்காகவே மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் கிறிஸ்தவ வேதத்திலிருந்து எதிர்வாதம் எழும். மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையை மலையகத்தார் நாட்கூலிக் கதையாகவே கேட்கலாம். விடியற்காலையில் கூலிக்கு எடுக்கப்பட்டவர், ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக ஐந்து மணிக்கு எடுக்கப்பட்டவர் எல்லோருக்கும் மாலையில் ஒரே கூலி. வெயிலில் பாடுபட்ட முதல் கூட்டம் முணுமுணுக்கிறது. உன்னோடு பேசிய கூலியைத் தந்துவிட்டேன், என்னுடையதை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்கிறார் உரிமையாளர். பேசிய ஒப்பந்தத்துக்குமேல் கேள்வி இல்லை, முதலாளியின் பணம் முதலாளியின் விருப்பம் என்று இதைப் பிடித்துக்கொள்ளும் நிர்வாகிகள் உண்டு. அப்படிப் படிப்பது உவமையைத் தலைகீழாக நிறுத்துவது. அந்த உரிமையாளர் தம் விருப்பத்தைக் கடைசியில் வந்தவருக்குக் கூட்டிக் கொடுக்கப் பயன்படுத்தினார். இன்றைய கம்பனிகள் அதே விருப்பத்தைக் கடைசியில் வந்தவருக்குக் குறைத்துக் கொடுக்கப் பயன்படுத்துகின்றன. தவிர, ஐந்து மணிவரை ஏன் சும்மா நின்றீர்கள் என்று கேட்டபோது, எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதே அவர்கள் பதில். பிராந்தியக் கம்பனியின் சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டான் என்போருக்கு அந்த ஒரு பதில் போதும். வேறு வாசல் திறந்திருந்தால் யாரும் சின்ன வாசலில் நிற்கமாட்டார்கள். முணுமுணுத்தவர்களின் கூலியில் ஒரு காசும் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களை வருத்தியது இழப்பல்ல, சமம். ஜான் ரஸ்கின் 1860 இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்து தலைப்பு எடுத்ததும், அதைப் படித்த காந்தி 1908 இல் சர்வோதயம் என்ற பெயரில் குஜராத்தியில் தந்ததும் இந்தக் காரணத்தாலேயே.

ஆனாலும் பெரிய நிறுவனத்து விமானிகளின் பக்கத்தில் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. உவமையில் பிந்தி வந்தவனால் முந்தி வந்தவனின் கூலி குறையவில்லை. விமானத் தொழிலில் குறைகிறது. மலிவாகப் பறக்க ஆள் கிடைத்தால் கம்பனி அந்தப் பக்கமே வேலையைத் தள்ளும், நாளைக்கு என் இடமும் போகும், ஆகவே வரம்பு கட்டுவது பொறாமையல்ல, தற்காப்பு என்கிறார்கள். அச்சம் உண்மையானது. அதற்குக் கண்ட மருந்துதான் தவறு. 2001 க்குப் பின் அமெரிக்கக் கம்பனிகள் ஒவ்வொன்றாக வங்குரோத்து நீதிமன்றத்துக்குப் போனபோது அந்த வரம்புகள் தளர்த்தப்பட்டு, பிராந்தியக் கம்பனிகளுக்கு இன்னும் பெரிய விமானங்கள் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் மலிவான உழைப்பு இருக்கிறது என்பதே கம்பனியின் கையிலுள்ள ஆயுதம். சுவர் அந்த ஆயுதத்தைப் பறிக்கவில்லை, பத்திரப்படுத்தித்தான் வைத்தது. ஒரே பட்டியலும் ஒரே சம்பள அளவும் இருந்தால் வேலையை மாற்றித் தள்ளுவதில் கம்பனிக்கு இலாபமே இராது. பட்டியல்களை இணைப்பது எளிதென்று நான் சொல்லவில்லை. யூஎஸ் எயார்வேய்ஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005 இல் இணைந்தபின், நடுவர் 2007 இல் கொடுத்த பட்டியலில் யூஎஸ் எயார்வேய்ஸில் சுமார் பதினேழு வருடம் பணிசெய்தவர்கள் அமெரிக்கா வெஸ்ட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டார்கள். எண்ணிக்கையில் கூடியிருந்த யூஎஸ் எயார்வேய்ஸ் தரப்பு 2008 இல் பழைய சங்கத்தையே வாக்களித்து நீக்கியது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்டன. உழைத்த வருடங்களைக் கணக்கில் எடுக்காத இணைப்பும் அநியாயம்தான். ஆனால் அங்கே நடந்தது ஒரே பட்டியலில் எந்த இடம் என்ற சண்டை. அது தீரக்கூடிய சண்டை. உனக்குப் பட்டியலே வேறு என்பது தீராதது.

துறவிகளின் விதியைக் கூலிவேலைக்கு எப்படிப் பொருத்துவது, அவர்களுக்குச் சொத்து ஏது, குடும்பம் ஏது என்ற கேள்வியும் எழலாம். எதிர்த்திசையில்தான் இது என்னை எண்ணவைக்கிறது. எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாதவர்களுக்கே படுக்கை பிடிக்கும் ஆசையைத் தடுக்க விதி தேவைப்பட்டதென்றால், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவும் தாய்க்கு மருந்துச் செலவும் உள்ளவர்களிடையே அந்த விதி இன்னும் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எயார் இந்தியாவோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. அலுவிகாரையிலிருந்து அதிக தூரம் போகவேண்டாம். இரத்தோட்டை, எல்கடுவ மலைகளுக்கு ஏறினால் போதும். மலையகத்தின் பெருந்தோட்டங்களில் ஒரே மலையில் இரண்டு விதமாகக் கொழுந்து எடுக்கப்படுகிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் பெயர்ப் பதிவேட்டில், பெயர் உள்ளவருக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழுகிறது. அந்தப் பேருக்குக் கம்பனி நூற்றுக்கு 12 வீதம் ஊழியர் சேமலாப நிதியும், 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் கட்ட வேண்டும். கைக்காசுக்கு எடுப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. அதற்குமேல் எழுத்தில் எதுவும் இல்லை. மடுவத்தில் இரண்டு பேரின் கொழுந்தும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டு, ஒரே லொறியில் தொழிற்சாலைக்குப் போகிறது. தேயிலைப் பெட்டியில் எது யார் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் சம்பள நிர்ணய சபையால் உயர்த்தப்பட்டது. சம்பளம் ஏறியதும் பேர் போடும் நாட்களைக் குறைத்து, கைக்காசையும், நிலத்தைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கும் வெளியார் முறையையும் கூட்டுகிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் தொடர்ந்த முறைப்பாடு. அமெரிக்காவில் நடந்தது போலவே, பட்டியலுக்கு வெளியே மலிவு உழைப்பு இருக்கும்வரை பட்டியலுக்குள் கிடைக்கும் உயர்வு நிலைப்பதில்லை. தற்காலிகத் தொழிலாளிக்கும், கூலி எந்த முறையில் கணக்கிடப்பட்டாலும், சேமலாப நிதி உண்டு என்று 1958 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, கேட்கும் குரல் இல்லை. செக்ரோல்காரரின் சங்கம் கைக்காசுக்காரரைத் தன் ஆளாகக் கருதாததே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

முந்தி வந்தவரின் உரிமை என்ற தத்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பதை மலையக மக்களைவிட அறிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, வாந்திபேதியில் வழியெல்லாம் சாவு கொடுத்து, மாத்தளை வழியாக மலையேறியவர்கள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பிந்தி வந்தவர்கள் என்று சொல்லியே நாடற்றவர்களாக்கியது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து அங்கே அனுப்பியது. எஞ்சியவர்களுக்கு முழு உரிமை வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னோர் வந்து இருநூறு வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் மாத்தளையில்தான் நடையை முடித்தார்கள். அவர்கள் அன்று கேட்டது இரக்கத்தை அல்ல, ஒரே பட்டியலில் சம இடத்தை. அதைக் கேட்ட சமூகம், தன் தோட்டத்துக்குள்ளே இரண்டாவது பட்டியல் ஒன்றைச் சகித்துக்கொண்டிருக்கக் கூடாது. செக்ரோலில் பெயர் இருப்பவர் அஞ்சுவதை நான் குறைத்துப் பேசவில்லை. அவருடைய வருடங்களுக்கும் வரிசைக்கும் மதிப்புண்டு, அதை யாரும் தொடவேண்டியதில்லை. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்பது ஒன்றே: எத்தனை ரூபாய் கூட்டுவது என்று பேசத் தொடங்குமுன், கைக்காசுக்கு எடுப்பவரின் பெயரையும் அதே செக்ரோலில் எழுதும்படி கம்பனியிடம் கேளுங்கள்.